சின்னம்மா கடையில் பார்சல் கிடையாது

எங்கள் வீட்டுத் தூக்குப்போசியின் மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். எப்படி அழுத்தினாலும் சரியாக மூடாது. அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, டவுன்ஹால் பக்கம் பூட்டுக்கடை வைத்திருந்தார். ஊரிலுள்ள எந்தப் பூட்டையும் திறக்கவும் பூட்டவும் தெரிந்த மனுஷருக்கு, சொந்த வீட்டுப் போசிக்கு ஒரு மூடி மாற்ற மட்டும் நேரம் கிடைக்கவில்லை. நோன்பு மாதத்தில் தினமும் மாலையில் என் தம்பி அந்தப் போசியோடு பள்ளிவாசலுக்கு ஓடுவான். அங்கே அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கறித்துண்டு எல்லாம் ஒன்றோடு ஒன்று கரைந்து, கடைசியாகப் புதினாவும் மல்லித்தழையும் விழும்போது எழும் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். ஆண்கள் அங்கேயே வரிசையாக உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்பார்கள். எங்களுக்கான கஞ்சி கோட்டைமேட்டின் சந்துகளைக் கடந்து, தம்பியின் சிநேகிதர்களைக் கடந்து, வழியில் நடக்கும் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தையும் கடந்து வந்து சேரும்போது ஆறிப்போய், மேலே ஏடு கட்டியிருக்கும். கரண்டியை நட்டால் நிற்கும். அடுப்பில் வடைச்சட்டி இருக்கும். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல நேரமாகிவிடும். மறுபடி சூடு பண்ணினால் அடிப்பிடிக்கும். அம்மா கொஞ்சம் வெந்நீரை ஊற்றிக் கலக்கிக் கொடுப்பாள். கஞ்சி என்றால் அதுதான் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். ஆறின கஞ்சி ஒரு கொடுமையா, உலகத்தில் எத்தனை பேருக்கு அதுவும் இல்லை என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். அப்படிப் பாடம் எடுத்தவர்கள் எல்லாருமே சூடாகக் குடித்தவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். எங்களை யாரும் பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை, திட்டவில்லை. அத்தா தங்கமான மனிதர். நல்லதாக நாலு கறித்துண்டு விழும்படி ஊற்றச் சொல்லித்தான் தம்பியை அனுப்புவார். ஆனாலும் அந்த ஊரில் எங்கள் தெருப் பெண்களில் ஒருத்திகூட, அந்த அண்டாவில் வெந்த கஞ்சியை அது இருக்க வேண்டியபடி ஒரு நாளும் குடித்ததில்லை. யார் மீது கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது, அதை நான் விடுவதாகவும் இல்லை.

இந்தக் கோபத்தை எனக்குக் கொடுத்தவள் என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. கணவர் இறந்த பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியின் கேன்டீனில் சமையல் மேற்பார்வை பார்த்து, இரண்டு மகள்களையும் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தவள். உயரம் கம்மி, குரல் பெரிசு. பெரிய பாத்திரத்துக்கு முன்னால் நின்று பழகியதால் வீட்டிலும் நாலு பேரிடம் பேசுவதை நாற்பது பேரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். ஒரு வருடம் நோன்பு சமயத்தில், கேன்டீன் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று நோன்புக் கஞ்சியைக் கேன்டீன் அண்டாவில் காய்ச்சியிருக்கிறாள். பொழுது இறங்கி நோன்பு திறந்ததும், அண்டாவிலிருந்து நேரே மொண்டு ஒரு கிண்ணம் குடித்திருக்கிறாள். “நாக்கு வெந்து போச்சு கண்ணு. ஆனா கீழ வைக்க மனசு வரலை. அப்பத்தான் எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். இதுவாடா இத்தன வருசமா நீங்க குடிச்சிட்டிருந்தது, எங்களுக்குக் குடுத்தது என்னடான்னு” என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது.

கேன்டீன் வேலையை விட்டதும், குனியமுத்தூர் போகும் சாலையில் ஒரு சிறிய இடம் பிடித்துக் கஞ்சிக்கடை போட்டாள். பிரியாணிக் கடை போடு, நாலு காசு நிற்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். கஞ்சியைக் காசு கொடுத்து எவன் குடிப்பான் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பது முதல் வாரமே தெரிந்தது. ‘நோன்புக் கஞ்சி, தினமும்’ என்று போர்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் கையில் தூக்குப்போசியோடு வந்து, மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பிறந்ததிலிருந்து நோன்புக் கஞ்சிக்கு அவர்கள் காசு கொடுத்ததே இல்லை, காசு கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. அன்னூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஓர் அம்மாவோ வாசலிலேயே தயங்கி நின்று, “ஏனுங்க, நோன்பு இல்லாதவிங்க இதைக் குடிக்கலாமுங்களா?” என்று கேட்டார். சின்னம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். மறுநாளே போர்டு ‘சூடான கஞ்சி’ என்று மாறிவிட்டது.

நான் அப்போது ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை மதியங்களில் அந்தக் கடையின் ஓரத்து மேசைதான் எனக்கு வீடு. கேன்டீனில் வருடக்கணக்காக ஒரே சாம்பாரைக் கொதிக்கவைத்த சலிப்பையெல்லாம் சின்னம்மா கஞ்சியில் தீர்த்துக்கொண்டாள். கொள்ளை வறுத்து உடைத்துப் போட்டு ஒரு கஞ்சி, அதற்குமேல் பொரித்த சின்ன வெங்காயம். ஆனைமலைத் தேங்காயின் பாலில் ஒரு கஞ்சி, நடுவில் ஒரு கரண்டி இறால் தொக்கு. பள்ளிபாளையம் கோழியை வறமிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக வறுத்து வெள்ளைக் கஞ்சியின் மேல் கொட்டிக் கொடுப்பாள். அது வந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் போட்டோ எடுப்பார்கள், அவள் கரண்டியால் மேசையைத் தட்டி “ஆறுது, ஆறுது” என்பாள். சாயங்காலத் தள்ளுவண்டிக் காளானுக்கு இந்த ஊரில் இருக்கும் பைத்தியத்தைப் பார்த்துவிட்டு அதையும் விடவில்லை. காரமான காளான் மசாலாவைக் கஞ்சியில் ஊற்றி, மேலே நொறுக்கிய சிப்ஸும் பச்சை வெங்காயமும் தூவினாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஊருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. எந்தக் கஞ்சியானாலும் கனமான பீங்கான் கிண்ணத்தை வெந்நீரில் போட்டு எடுத்து, துடைத்து, அதில்தான் ஊற்ற வேண்டும். அடுப்பிலிருந்து மேசைக்கு வரும்போதும் ஓரத்தில் குமிழ் வெடிக்க வேண்டும்.

கடையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. பார்சல் கிடையாது. அதைக் கேட்டவர்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள், பிறகு திமிர் என்றார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை பார்க்கும் பையன்கள் கெஞ்சினார்கள். டெலிவரி கம்பெனிக்காரர்கள் டை கட்டிக்கொண்டு வந்து, எவ்வளவு ஆர்டர் வரும் என்று போனில் படம் போட்டுக் காட்டினார்கள். கட்டட உரிமையாளர், பார்சல் இல்லாமல் இந்தக் காலத்தில் கடை ஓடுமா என்று அவளுக்காகவே கவலைப்பட்டார். எல்லாருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். கஞ்சி அடுப்பை விட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் களியாகிவிடும், அதற்குப் பிறகு அது தன் கஞ்சி இல்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அவர்களுக்குக் காசும் வாங்கமாட்டாள். மற்றபடி, வீட்டுக்காரிக்கு வாங்கிக்கொண்டு போகிறேன் என்று எந்த ஆணாவது சொன்னால் அவளுக்குக் கண் சிவந்துவிடும். “அவிங்களுக்குக் காலு இருக்குதில்லீங்க? கூட்டிட்டு வாங்க. இங்க நாற்காலி போட்டிருக்கறதே அவிங்களுக்குத்தானுங்க” என்பாள்.

அப்படிக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். திரும்பிப் போனவர்களும் அதிகம்தான். மேசைகள் காலியாகக் கிடந்த மதியங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியொரு மதியத்தில் பொறுக்கமுடியாமல், பார்சல் மட்டும் கொடுத்தால் என்ன சின்னம்மா என்று நானே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் பார்சல் குடுத்தா என்ன ஆகும் அம்மணி? ஆம்பளைங்க இங்க உக்காந்து சூடாக் குடிச்சுப்போட்டு, பொம்பளைங்களுக்குக் கட்டி எடுத்துட்டுப் போவாங்க. அதுக்குப் பள்ளிவாசலே இருக்குதே. நான் எதுக்குக் கடை போடோணும்?” என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளிடம் கேட்டவர்களுக்கும் நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

கடை போட்டு இத்தனை மாதமாகியும் என் அம்மா மட்டும் வரவில்லை. தங்கை கடைதான், ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் கடையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதா, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பாள். பிரியாணி என்றாலாவது விசேஷம் என்று சொல்லிக்கொள்ளலாம், கஞ்சி குடிக்கவா ஒருத்தி வீட்டைவிட்டுக் கிளம்புவாள் என்பாள். சின்னம்மா தினமும் போனில் கூப்பிடுவாள், அம்மா தினமும் நாளைக்கு என்பாள். இதைப் பார்த்துப் பார்த்து அத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, பூட்டுக்கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் புதிதாக வாங்கிய, நன்றாக மூடும் டிபன் கேரியர் இருந்தது. அதைக் கல்லாவின் மேல் வைத்து, “உங்கக்காளுக்கு ஒரு கொள்ளுக் கஞ்சி போடும்மா” என்றார். நான் ஓரத்து மேசையில் இருந்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

“மச்சான், உக்காருங்க. நீங்க ஒரு கிண்ணம் குடிங்க” என்றாள் சின்னம்மா. தனக்கு வேண்டாம், அக்காவுக்குத்தான் என்றார் அத்தா. “அக்காளுக்குப் பார்சல் இல்லீங்க மச்சான். அக்காளுக்கு நாற்காலி இருக்குதுங்க.” அத்தா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. மூட்டு வலி, அவளால் வரமுடியாது என்றார். போன வாரம் கல்யாண மண்டபத்தில் இரண்டு மாடி ஏறின மூட்டுதானே என்று சின்னம்மா கேட்டாள். “எனக்கே இல்லைங்கறியா?” என்றார் அத்தா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னம்மாவின் கை கல்லாவின் விளிம்பைப் பிடித்திருந்தது. அவள் திருமணத்தை நடத்திவைத்தவர் அத்தா. கணவர் இறந்தபோது அவள் வீட்டு வாசலில் முதலில் வந்து நின்றவரும் அவர்தான். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். “உங்களுக்கு இல்லைன்னு சொன்னாத்தான் மச்சான், மத்தவிங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு மொகம் இருக்கும்” என்றாள். அத்தா கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்று அத்தா சொன்னார். தினமும் வந்த போன் வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. கட்டிய புருஷனை நாலு பேர் முன்னால் தங்கை அவமானப்படுத்திவிட்டாள் என்றால் எந்தப் பெண்ணும் அப்படித்தான் இருக்க முடியும். சின்னம்மா கடையில் எப்போதும்போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். போன் மணி அடிக்கும்போது மட்டும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்ப்பாள். வேறு யாராவதாக இருக்கும். அக்காவை இழந்துதான் இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சட்டம் சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் அழுதால் நானும் சேர்ந்து அழத் தயாராக இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நிலைமையில் நோன்பு மாதம் வந்தது. மாலை நேரத்தில், நோன்பு வைத்த பெண்கள் யார் வந்தாலும் சூடான கஞ்சி, காசு வேண்டாம் என்று சின்னம்மா அறிவித்தாள். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வெறும் தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்துகொண்டிருந்த நர்ஸ் பெண்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் என்று நாற்காலிகள் நிறைந்தன. தெருப் பெரியவர்கள் சிலர் வந்து, இது பள்ளிவாசல் செய்கிற வேலையாயிற்றே என்று மரியாதையாகக் கேட்டார்கள். “பள்ளிவாசலுக்கு நான் போட்டி இல்லீங்க. அங்க உக்கார எடம் இல்லாதவிங்களுக்குத்தான் இங்க எடம் வெச்சிருக்கறனுங்க” என்றாள் அவளும் அதே மரியாதையோடு. அந்தப் பெரியவர்களில் ஒருவருடைய மகள் மறுநாள் மாலை வந்து உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வழக்கம்போல மாலையில் கஞ்சி வந்தது. தம்பி அதற்குள் வளர்ந்து பைக்கில் கொண்டுவந்தான். கஞ்சி என்னவோ பழையபடி ஆறித்தான் வந்து சேர்ந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். வெந்நீர் ஊற்றவில்லை, கலக்கவில்லை. மறுபடி மூடி வைத்துவிட்டு, பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தாள். மறுநாளும் அப்படியே செய்தாள். கஞ்சியை வீணாக்கக் கூடாது என்பதால், தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த அத்தா அதை எடுத்து ஊற்றிக் குடித்தார். ஒரு வாய் குடித்ததும் கிண்ணத்தை விலக்கிப் பார்த்தார். “ஏன் இப்படி இருக்குது? பள்ளிவாசல்ல நல்லாத்தானே இருந்துச்சு” என்றார். வடைச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: “ஊட்டுக்கு வாரது அப்படித்தானுங்க இருக்கும்.” அத்தா மிச்சத்தைக் குடித்து முடித்தார். அந்த மாதம் முழுவதும் அவள் கஞ்சியைத் தொடவில்லை, அவரும் தினமும் அதைக் குடித்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளுக்குள் அம்மாவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா இப்போது இல்லை. பள்ளி வேலையை விட்டுவிட்டுக் கடையை நான்தான் நடத்துகிறேன். இப்போதும் கலர் சட்டை போட்ட டெலிவரிப் பையன்கள் போனைக் காட்டி ஆர்டர் என்கிறார்கள், இப்போதும் இல்லை என்கிறேன். கடை மூழ்கிவிடும் என்று சொன்னவர்களில் சிலர் இங்கேயே மனைவியோடு வந்து காத்திருந்து, இடம் கிடைத்துச் சாப்பிடுகிறார்கள். பார்சல் கொடுத்திருந்தால் இன்னும் சம்பாதித்திருப்பேன், அது எனக்கும் தெரியும். பிடிவாதக்காரி என்று என்னைச் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், முன்பெல்லாம் சின்னம்மா பெயரைச் சொல்வேன். யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை.

அந்த நோன்பு முடிந்து, பெருநாளும் கழிந்த ஒரு மதியம் கடை வாசலில் அத்தாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். அத்தா வாசல்படியில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். சின்னம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. “வாக்கா. வாங்க மச்சான்” என்று மட்டும் சொல்லி, விசிறிக்குக் கீழே இருந்த மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு அடுப்படிக்கு ஓடி, கிண்ணத்தை வெந்நீரிலிருந்து எடுத்து, கொள்ளுக் கஞ்சியை ஊற்றி, வெங்காயம் தூவி, அடியில் ஒரு தட்டு வைத்து, ஓரத்தில் குமிழ் வெடிக்க வெடிக்க இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வந்து, அத்தாவின் முன்னால் வைத்தாள்.

அவளுக்கே அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்த ஆணுக்கு முதலில் வைத்துப் பழகிய கை. நான் வாய் திறப்பதற்குள் அம்மா கையை நீட்டி, கிண்ணத்தின் அடித்தட்டைப் பிடித்து, மேசையின் குறுக்கே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “உங்களுக்கு அடுத்தது வருமுங்க” என்றாள் அத்தாவிடம். ஒரு கரண்டி எடுத்து அப்படியே வாயில் வைத்தாள். கஞ்சியை ஊதிக் குடிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் அவளுக்கு அதற்கு அவசியமே வந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தா பதறி, “குடு, ஆத்தித் தாரேன்” என்று கிண்ணத்துக்குக் கை நீட்டினார். அம்மா விடவில்லை. இரண்டு கையாலும் கிண்ணத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஆத்தாதீங்க. ஆறினதை நான் நெறையாக் குடிச்சாச்சு. சுட்டாச் சுடட்டும், உடுங்க.”